கேட்காமல் தூக்கிக்கொண்டு ஓடுகிற உரிமை

காலடிப்பேட்டையில் பிள்ளை பார்த்துக்கொள்ள யாரும் ஆள் வைப்பதில்லை. "அக்கா, கொஞ்சம் பாத்துக்குங்க, இதோ வந்துடறேன்" என்று ஒரு குரல் வரும். அடுத்த நிமிஷம் பிள்ளை இடுப்பு மாறியிருக்கும். அந்த 'இதோ' சில நாள் ரேஷன் கடை வரிசை, சில நாள் ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு, சில நாள் முழுசாக ஒரு ஷிப்ட். காசு பேச்சே கிடையாது. சாயங்காலம் ஒரு கிண்ணம் மீன் குழம்பு வரும், அவ்வளவுதான். இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். என் பிள்ளைகள் இப்படித்தான் வளர்ந்தார்கள். இப்போது மாடி வீட்டுப் பிள்ளையும் எதிர் வீட்டுப் பிள்ளையும் பாதி நாள் என் கூடத்தில்தான்.

ஆனால் உதவி என்று வந்துவிட்டால் கூடவே ஒரு கூச்சமும் வந்துவிடுகிறது. சம்பளத்துக்கு ஆள் வைத்தால் இதைக் கொடு, அதைக் கொடுக்காதே என்று நூறு சொல்வார்கள். உதவி செய்கிறவளிடம் எப்படிச் சொல்வது? பார்த்துக்கொள்கிறவளுக்கும் அதே சங்கடம். "பிள்ளைக்கு வலிப்பு கிலிப்பு வந்திருக்கா? எந்த மருந்து ஒத்துக்காது? நீ இல்லாதப்ப யார் வந்து கேட்டா அனுப்பலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்லதையே பேசுங்கக்கா" என்று வாயை அடைத்துவிடுவார்கள். கடைசிக் கேள்விக்கு முகமே மாறும். சித்தப்பா, மாமா என்று உரிமையோடு வந்து நிற்பவரைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடுமாம். ஆகட்டுமே.

இந்த ஊர் நெசவாளர் ஊராகத் தொடங்கியது. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம். ஊர்ப் பெயரே அவர் பெயர்தான். தறி வீட்டுக்குள் இருந்த காலத்தில் தூளியும் அதே அறையில் தொங்கியிருக்கும். பிறகு விம்கோ, என்ஃபீல்டு, அசோக் லேலண்ட் என்று வேலை வெளியே ஆலைகளுக்குப் போனது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது பழைய தொழிற்சாலைச் சட்டம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள எந்த நிறுவனத்திலும் வேண்டும் என்றது 2017-இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம். எங்கள் தெருப் பெண்கள் இந்த எண்ணிக்கைக்குள் சிக்குவதில்லை. வீட்டு வேலை, காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் விற்பது, தி.நகர் ஜவுளிக்கடை. அங்கன்வாடி இருக்கிறது, நல்ல இடம்தான். ஆனால் அது மூடும் நேரத்துக்கும் ஜவுளிக்கடை ஷட்டர் இறங்கும் நேரத்துக்கும் நடுவே அரை நாள் கிடக்கிறது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வந்த பிறகு அம்மாக்கள் இன்னும் தூரமாக வேலைக்குப் போகிறார்கள். சில கடைகளில் உள்ளே நுழையும்போதே செல்போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். "எதுன்னா போன் பண்ணுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போகிறவளின் போன் பகல் முழுக்க ஒரு பெட்டிக்குள் அடிக்கும்.

பிள்ளை பார்ப்பது என்றால் திருடன் வருவானா, பிள்ளை பிடிப்பவன் வருவானா என்றுதான் முதலில் பயப்படுகிறோம். எங்கள் வீடுகளில் பெரிய பயம் தண்ணீர். லாரி வந்து போனதும் நீல டிரம், குடம், அன்னக்கூடை, பக்கெட் எல்லாம் தளும்பத் தளும்ப நிற்கும். ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு உடம்பைவிடத் தலை கனம். பக்கெட்டை எட்டிப் பார்க்கும், தலைகுப்புற விழும், எழுந்திருக்கத் தெரியாது. நாலு விரற்கடைத் தண்ணீர் போதும். பிள்ளை கத்தும், ஓடிப்போய்த் தூக்கிவிடலாம் என்று நினைக்கிறோம், சத்தமே வராது. பிள்ளை வரும் நாளில் என் வீட்டில் டிரம்முக்கு மூடி, மூடிமேல் அம்மிக்குழவி. காலி பக்கெட் எல்லாம் கவிழ்ந்து கிடக்கும். கொதிக்கிற சாதம் வடித்த கஞ்சி மேலே பட்டுவிட்டால் பேஸ்ட், இங்க், இட்லி மாவு என்று ஆளுக்கொன்று பூச வருவார்கள். ஒன்றும் வேண்டாம். இருபது நிமிஷம் பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குழாயில் வராத ஊரில் அந்த டிரம்மிலிருந்துதான் சொம்பு சொம்பாக ஊற்ற வேண்டும். மண்ணெண்ணெய் குடித்துவிட்ட பிள்ளையை வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடும். ஒரு வயசுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தொண்டையில் ஏதாவது அடைத்து, அழவும் இருமவும் முடியாமல் திணறினால், வாய்க்குள் விரலைவிட்டுத் துழாவாமல், முன்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் மல்லாத்தி, நெஞ்சு நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. இதையெல்லாம் பொம்மையை வைத்து ஒருதரம் செய்து பார்த்தால்தான் கை பழகும்.

கை பழகினாலும் ஒரு தடை பாக்கி இருக்கிறது. அடுத்தவர் பிள்ளைக்கு ஒன்று என்றால் நமக்கு முதலில் வாயில் வருவது, "அவங்க அம்மா வரட்டும்." தன் பிள்ளையாக இருந்தால் செருப்புகூடப் போடாமல் ஓடுகிறவள், இங்கே வாசலில் நின்று யோசிக்கிறாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஏதாவது ஆகிவிட்டால்? செலவுக்கு யார் பொறுப்பு? "உன்கிட்ட விட்டுட்டுப் போனா இப்படியா" என்று பேச்சு வந்தால்? பொறுப்பு கைக்கு வந்துவிட்டது, முடிவெடுக்கும் உரிமை தாயோடு மெட்ரோ ஏறிப் போய்விட்டது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பத்தில் கப்பலிலிருந்து உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கையில் கிடைத்த வண்டியில் ஏறி ஓடினார்கள். அந்த ராத்திரி நைட் ஷிப்டுக்குப் போன ஒருத்தியின் பிள்ளை பக்கத்து வீட்டில் தூங்கியிருந்தால் அவளுக்காகக் காத்திருக்க முடியுமா? ஈரத்துணியை மூக்கில் வைத்து, காற்றுக்குக் குறுக்காக நகரத்தான் வேண்டும். அமோனியா தண்ணீரில் சுலபமாகக் கரையும், அதனால்தான் ஈரத்துணி. ஆலைகளுக்கு நடுவில் குடியிருக்கிறவர்கள் கேஸ் அடுப்பைப் போல இதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது. யாரும் எங்களுக்கு வகுப்பெடுத்ததில்லை.

இந்தத் தயக்கத்தைச் சட்டம் எப்போதோ யோசித்திருக்கிறது. 1860-இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 92-ஆம் பிரிவு; 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 30-ஆம் பிரிவு. காப்பாளரைக் கேட்க நேரமில்லாதபோது, பிள்ளையின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்தது குற்றமாகாது என்பது அதன் சாரம். அதற்கு ஓர் உதாரணமும் உண்டு: தீப்பிடித்த வீட்டில் ஒருவனும் ஒரு குழந்தையும். கீழே ஜனங்கள் கம்பளியை விரித்துப் பிடிக்கிறார்கள். விழுந்தால் உயிர் போகலாம் என்று தெரிந்தும், பிழைக்கட்டும் என்று மேலிருந்து போடுகிறான். குழந்தை இறந்தாலும் அவன் குற்றவாளி இல்லை. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் சட்டம் விட்டாலும் தெரு விடாது. தெரு வாயை அடைக்கத் தாய் ஒருத்தியால்தான் முடியும், அதுவும் முன்கூட்டியே.

வங்கதேசக் கிராமங்களில் குளத்தில் விழுந்து சாகும் சின்னப் பிள்ளைகள் அதிகம் என்று, 'ஆஞ்சல்' என்ற காப்பகங்களை வைத்தார்கள். தாய்மார் வேலையில் மூழ்கும் நேரமான காலை 9 முதல் பகல் 1 வரை, அதே ஊர்ப் பெண் ஒருத்தி முதலுதவி பழகிப் பார்த்துக்கொள்கிறாள். மூழ்கிச் சாவது நன்றாகக் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் மற்ற நாடுகளுக்கும் இதைச் சொல்கிறது. நம் தெருக்களில் அந்தப் பெண் ஏற்கெனவே இருக்கிறாள். பழக்கமும் அதிகாரமும்தான் அவளுக்கு இல்லை.

அதனால் பிள்ளையோடு சேர்த்து எனக்குச் சில சாமான் வரவேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். தடுப்பூசி அட்டையின் நகல், காப்பீட்டு அட்டையின் நகல், ஒத்துக்காத மருந்தின் பெயர், ஆட்டோவுக்குக் கொஞ்சம் பணம், கடையின் லேண்ட்லைன் நம்பர். ஆம்புலன்சுக்கு 108, பிள்ளைகள் உதவிக்கு 1098, இரண்டும் என் சுவரில் கரிக்கட்டியால் எழுதியே இருக்கிறது. எதிர் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எல்லாம் கொடுத்துவிட்டு, "எதுவானாலும் மொதல்ல எனக்கு ஒரு போன் போட்டுடுங்கக்கா" என்றார். மேலே ஏறிவிட்டால் போன் எடுக்க முடியாதவர் சொல்கிற பேச்சு இது. "மூணு தடவ அடிப்பேன், எடுக்கலேன்னா ஸ்டான்லிக்குப் போயிடுவேன்" என்றேன். அவர் பெண்சாதி உள்ளேயிருந்து கத்தினாள்: "இன்னாத்துக்கு மூணு தடவ? நீங்க மொதல்ல தூக்கினு ஓடுங்கக்கா, போனு ஆட்டோல ஏறினு அடிங்க!"