காது காத்திருக்காது

கையில் இருக்கும் அந்த ஊக்கைக் கீழே வையுங்கள். தீக்குச்சியை, சாவியை, பேனா ரீஃபிலை, பஞ்சு சுற்றிய பட்ஸைக் கீழே வையுங்கள். படித்து முடித்த பிறகு அல்ல, இப்போதே.

"சும்மா லேசாத்தான் குடைஞ்சேன்" என்கிறோம். அந்தச் சும்மாவுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று யோசித்தோமா? வளர்ந்த மனிதருக்குக் காதுத் துவாரம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதன் முடிவில் செவிப்பறை. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதன் பின்னால் மூன்று சிற்றெலும்புகள். கடைசி எலும்பு மூன்று மில்லிமீட்டர்தான். பேருந்தில் குடைந்துகொண்டிருப்பவரின் முழங்கையை யாராவது இடித்தால் போதும். விளையாடும் குழந்தை ஓடிவந்து தோளில் தொற்றினால் போதும்.

குறும்பியை அழுக்கென்று நமக்கு யார் சொன்னது? ஈரமும் கிருமியும் அண்டாமல் தோலைக் காக்க உடம்பே சுரந்து வைத்தது அது. காதுக்குள் இருக்கும் தோல் உள்ளிருந்து வெளிநோக்கி நகர்ந்து வளர்கிறது; நாம் மெல்லும்போதும் பேசும்போதும் குறும்பி தானே வெளியேறிவிடும். பட்ஸ் அதை எடுப்பதில்லை, உள்ளே தள்ளிக் கெட்டிக்கிறது. வள்ளுவர் கேள்விக்கென்று ஓர் அதிகாரமே வைத்தார். நாம் பட்ஸுக்கென்று ஒரு டப்பா வைத்திருக்கிறோம். காது மடலைத் துண்டால் துடையுங்கள். நம் கடமை அவ்வளவே. அடைத்துக்கொண்டு கேட்காமல் போனால் மருத்துவரிடம் போங்கள்.

பாட்டிமாரே, தாய்மாரே, உங்கள் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த அன்பே பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சிப் பிள்ளையின் காதில் விடும்போதுதான் நெஞ்சு பதறுகிறது. குழந்தையின் காதுவலி பெரும்பாலும் சளியோடு வருவது. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்குப் போகும் குழாய் வழியே வருவது. வெளியிலிருந்து ஊற்றும் எண்ணெய் அங்கே போகாது, செவிப்பறை குறுக்கே நிற்கிறது. பறையில் ஓட்டை இருந்தால் போகும். போகவே கூடாத இடத்துக்குப் போகும். பட்டாணியோ கடலைப்பருப்போ காதில் புகுந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது ஊதிப் பெரிதாகும். பொம்மையிலிருந்து கழன்ற பொத்தான் பேட்டரி புகுந்துவிட்டால் எண்ணெயும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், சொட்டு மருந்தும் வேண்டாம். சில மணி நேரத்துக்குள் அது சதையை அரிக்கத் தொடங்கிவிடும். விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவிலேயே ஓடுங்கள்.

இனி, குச்சியைவிடக் கொடிய ஒன்றைச் சொல்கிறேன்: நம் உள்ளங்கை. விரித்த கை காதின்மேல் விழும்போது துவாரத்துக்குள் காற்று அடைபடுகிறது, அழுத்தம் ஏறுகிறது, செவிப்பறை கிழிகிறது. ஓங்கி ஒன்று விட்டேன் என்று பெருமை பேசும் தந்தையே, அந்த ஒன்று எங்கே போய்ப் பட்டது தெரியுமா? ஆசிரியப் பெருமக்களே, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதன் 17ஆம் பிரிவில் பள்ளிப் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. சட்டம் சொல்லாவிட்டால் மட்டும் நமக்கு அந்த உரிமை உண்டா? காதில் ரத்தத்தோடு வந்து, குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லும் பெண்ணை நம் தெருவில் நாம் பார்த்திருக்கிறோம். பார்த்தும் கேட்காமல் கடந்திருக்கிறோம். அடித்தவன் குற்றம் அவனோடு முடியவில்லை, அன்பர்களே. சுவருக்கு இப்புறம் கேட்டுக்கொண்டே இருந்த நம் கணக்கிலும் அது ஏறியிருக்கிறது.

கிழிந்த பறை பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும், நாம் விட்டுவைத்தால். தண்ணீர் படக் கூடாது. குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சைக் காதின் வாயில் வையுங்கள். மூக்கை பலமாகச் சிந்தாதீர்கள். கடைக்காரர் தரும் சொட்டு மருந்தை விடாதீர்கள். மருத்துவரிடம் காட்டி, கேட்கும் திறனையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் காத்திருக்கவே கூடாத நோய்கள் உண்டு. காலையில் எழுந்ததும் ஒரு காது கேட்கவில்லை. சளி அடைத்திருக்கும், தானாகச் சரியாகும் என்கிறோம். சம்பளம் வரட்டும், பண்டிகை முடியட்டும் என்கிறோம். அது உட்செவியையும் நரம்பையும் தாக்கிய திடீர்ச் செவிடாக இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு மருந்து உண்டு. முதல் சில நாட்களில் கொடுத்தால்தான் பலன் எதிர்பார்க்கலாம், இரண்டு வாரம் கடந்தால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். நாம் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அந்தக் காதிலிருந்து எடுத்த நாள்.

சீழ் வடியும் காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். "சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்" என்கிறார்கள். நான் அஞ்சுவது இந்த வாக்கியத்துக்குத்தான். வருடக்கணக்கில் பஞ்சு வைத்து நாற்றத்தை மறைக்கிறோம். உள்ளே அது சிற்றெலும்புகளை அரிக்கலாம், முக நரம்பைத் தொட்டு முகத்தைக் கோணச் செய்யலாம், மூளைக்கே சீழைக் கொண்டுபோகலாம். விபத்தில் தலையில் அடிபட்டவரின் காதிலிருந்து ரத்தமோ தெளிந்த நீரோ வந்தால் அதையும் பஞ்சால் அடைக்காதீர்கள், வண்டியில் ஏற்றுங்கள்.

சத்தத்தின் கணக்கு இன்னும் கண்டிப்பானது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் காது தாங்காது. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். நூறு டெசிபலுக்குக் கால் மணி நேரமே. திருவிழா ஒலிபெருக்கி முன்னால் பிள்ளையைத் தோளில் ஏற்றி நிறுத்துகிறோமே, அது பக்தியா? குமாரபாளையத்திலும் சோமனூரிலும் விசைத்தறிச் சத்தத்தில், பக்கத்தில் நிற்பவரிடம் கத்திப் பேசியே வாழ்நாளைக் கழித்தவர்களுக்குக் காதடைப்பான் வாங்கித் தராத முதலாளி, கூலியில் ஒரு பகுதியைத் தராதவர்தான். உட்செவியில் ஒலியை உணரும் உயிரணுக்கள் காதுக்கு ஏறத்தாழ 15,000. சத்தத்தில் செத்தவை மறுபடி முளைப்பதில்லை.

ஆகவே இன்றிரவே உங்கள் வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். வலியைச் சொல்லாத பாட்டனிடம் கேளுங்கள், கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையிடம் கேளுங்கள், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமும் கேளுங்கள். சீழ் வடியும் காது ஒன்று இருந்தால், நாளைக் காலை அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவின் வரிசையில் அவருடன் நீங்களும் நில்லுங்கள்.