யானைக்குப் பாதை போட்ட மலை



போன கிருத்திகை அன்னைக்கு நடந்த ஒரு விஷயத்தை எழுதணும்னு நினைச்சு நினைச்சு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். எழுதினா என் தப்பும் வெளிய வரும், அதான் காரணம்.

எங்க டீம்ல ஒரு நண்பன் வீல்சேர்ல இருக்கான். பக்தியில என்னை விட ரொம்ப மேல. கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருப்பான், நான் மூணாவது நாளே டீக்கடை பக்கம் போயிடுவேன். அவனை எங்க ஏரியா முருகன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனோம். வாசல்ல மூணு படி. நாங்க நாலு பேர் "அரோகரா"ன்னு சொல்லி வீல்சேரோட அவனைத் தூக்கிட்டுப் போயிட்டோம். பார்த்துட்டு இருந்த ஒரு பெரியவர் கண் கலங்கி எங்களைக் கும்பிட்டார். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பெருமை. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சேன்.

ராத்திரி அவன்கிட்ட இருந்து மெசேஜ்: "அந்த போட்டோவ எடுத்துடுடா."

போன் பண்ணிக் கேட்டேன். கோவமா எல்லாம் பேசல. "சந்நிதியில நிக்கும்போது எனக்கு முருகன் ஞாபகமே இல்லடா. இவனுங்களை ரொம்ப நேரம் காக்க வைக்கிறோமேன்னுதான் ஓடிட்டு இருந்துச்சு. திரும்ப இறங்கும்போது யாராவது கை வழுக்கிடுவாங்களோன்னு பயம் வேற. உங்களுக்கு நல்ல தரிசனம், எனக்கு இல்ல"ன்னான். ஸ்டேட்டஸை அழிச்சுட்டேன். தூக்கம் வரல.

இதை நம்ம ஆளுங்ககிட்ட சொன்னா உடனே ஒரு பதில் வரும்: "கஷ்டப்பட்டு ஏறினாத்தான் புண்ணியம். படியே இல்லைன்னா முருகன் கோயில் எதுக்கு?" இதை நான் லேசா ஒதுக்க மாட்டேன். பழனியில 693 படியும் ஏறி மேல போய் நிக்கும்போது கிடைக்கிற அந்த மூச்சிரைப்புக்கு ஒரு அர்த்தம் இருக்கு. சுவாமிமலையில 60 படிக்கும் அறுபது தமிழ் வருஷங்களோட பேரு. அது கட்டுமலை, மனுஷங்க எழுப்பின மலை. அந்தப் படிகளை யாராவது இடிக்கச் சொன்னா முதல் ஆளா நானே எதிர்ப்பேன்.

ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. காவடி எடுக்கிறதும், வெறுங்கால்ல பாதயாத்திரை போறதும் நாமளா வேண்டிக்கிட்டு நாமளா எடுத்துக்கிற கஷ்டம். அதனாலதான் அதுக்கு நேர்த்திக்கடன்னு பேரு. என் நண்பனுக்கு முன்னாடி இருக்கிற மூணு படி அவன் வேண்டிக்கிட்டது இல்ல. அதை ஏறி அவன் புண்ணியம் சேர்க்கவும் முடியாது, ஏன்னா ஏறவே முடியாதே! அது அவனுக்கு வெறும் சுவர்.

நம்ம முன்னோர் இதைப் புரிஞ்சு வச்சிருந்தாங்கன்னுதான் எனக்குத் தோணுது. பழனியில படிப்பாதை மட்டுமா இருக்கு? யானைப்பாதையும் இருக்கே. செங்குத்தான படியில யானை ஏற முடியாதுன்னு சரிவா, சுத்தி வர ஒரு பாதை போட்டாங்க. "படியேறாத யானைக்கு என்ன பக்தி"ன்னு யாரும் கேட்கல. அப்புறம் 1966ல விஞ்ச், 2004ல ரோப் கார். இதனால படியேறுறவங்க கூட்டம் குறைஞ்சா போச்சு? தைப்பூசத்துக்குப் போய்ப் பாருங்க, தெரியும்.

சட்டமும் இதைத்தான் சொல்லுது. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 'பொதுக் கட்டடம்'னா என்னன்னு சொல்ற இடத்துல வழிபாட்டுக்கான கட்டடமும் இருக்கு. ஏற்கனவே இருக்கிற பொதுக் கட்டடங்களை எல்லாம், விதிகள் வந்ததுல இருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள மாத்தணும். விதிகள் வந்தது 2017 ஜூன்ல. கணக்கு போட்டுக்கோங்க. 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றமும், இதுக்கான தரங்களை வெறும் பரிந்துரையா வச்சிருந்தா போதாது, கட்டாயமாக்கணும்னு சொல்லிடுச்சு.

சட்டத்தைக் காட்டி கோயில் நிர்வாகத்துல சண்டை போட எனக்கு மனசு வரல. சும்மா போய் ஒரு அண்ணன்கிட்ட கேட்டேன். "தம்பி, அப்படி யாரும் இங்க வர்றதில்லையே"ன்னார். அவர் நல்ல மனுஷன், பொய் சொல்லல. இதே மாதிரி நான் ஆபீஸ்ல எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! "இந்த பட்டனை ஒருத்தர் கூட கிளிக் பண்ணல, தூக்கிடலாம்." அப்புறம் பார்த்தா அந்த பட்டன் மொபைல்ல தெரியவே தெரியாது. வர முடியாதவங்க எப்படி கணக்குல வருவாங்க?

அடுத்த ஞாயிறு டேப் எடுத்துட்டு நானும் அவனும் போனோம். வீல்சேருக்கான சரிவுக்கு கணக்கு ரொம்ப சிம்பிள்: 1 அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம். வாசல் படி மூணும் சேர்ந்து 20 அங்குலம், அப்போ 20 அடி சரிவு வேணும். சரிவு தெருவுக்கே வந்துடும், நடக்காது. தெற்குப் பக்கம் ஒரு சின்ன வாசல் இருக்கு, அங்க ஒரே படி, 5 அங்குலம். அதுல பைக் ஏத்த ஏற்கனவே ஒரு சிமெண்ட் சரிவும் போட்டிருக்காங்க, ஆனா ஒன்றரை அடிதான் நீளம். அதுல ஏறினா வீல்சேர் பின்னாடி கவிழ்ந்துடும். அஞ்சு அடிக்கு நீட்டினா போதும். நம்ம ஊர்ல டியூப் லைட்டுக்கு உபயம் கொடுத்து, வெளிச்சமே வராத அளவுக்கு அதுமேல பேர் எழுதுறோம். அஞ்சு அடி சிமெண்டுக்கு ஆள் கிடைக்காதா என்ன?

வீல்சேர் சக்கரம் தெருவுல உருண்டதாச்சேன்னு ஒரு கேள்வி வந்துச்சு. நியாயமான கேள்விதான். வாசல் குழாயில கழுவி, துணியால துடைச்சுட்டா முடிஞ்சது, நாம கால் கழுவுற மாதிரி. "உங்க கால் உங்களுக்கு, என் கால் இது"ன்னு சிரிச்சான்.

எனக்கு இன்னொரு சங்கடம் இருந்துச்சு. எல்லாரும் ராஜகோபுரம் வழியா போக, இவனை மட்டும் பக்கவாட்டு வாசல்ல அனுப்புறதான்னு. அவன்கிட்டயே கேட்டேன்.

"எந்த வாசலா இருந்தாலும் சரிடா. ஆனா அது பூட்டியிருக்கு, பாத்தியா? சாவி யார்கிட்டன்னு கேளு."

சாவி அந்த நிர்வாக அண்ணன்கிட்டதான். வர்ற வெள்ளிக்கிழமை பேசலாம்னு சொல்லியிருக்கார்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚