குழந்தைக்காகப் பேசுபவர் யார்?

திருவனந்தபுரம் தைக்காட்டில், கேரள மாநிலச் சிசுக்ஷேம சமிதியில் ஒரு தொட்டில் உண்டு. அம்மத்தொட்டில் என்று பெயர். 2002 நவம்பர் 14 அன்று தொடங்கப்பட்டது. வளர்க்க இயலாத தாய் குழந்தையை அதில் கிடத்திவிட்டு விலகினால் உள்ளே மணி ஒலிக்கும். ஊழியர் ஓடிவந்து எடுத்துக்கொள்வர். சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை அறிந்த தமிழர்க்கு இது புதிதன்று. பச்சிளங் குழந்தைக்குப் பேச வாயில்லை. அதற்காக ஒரு மணி பேசுகிறது.

ஒன்பது வயதுச் சிறுவனுக்கு எந்த மணி ஒலிக்கும்? அவனுக்குத் தாய் இருக்கிறாள். நோயோ, வறுமையோ, தந்தையின் குடியோ அவ்வீட்டைக் குழந்தை வாழத் தகாததாக்கிவிட்டது. அவனைத் தத்துக் கொடுக்கவும் இயலாது. வீட்டில் விடவும் இயலாது. இத்தகையோரைக் காப்பகத்திலேயே வளரவிடாமல், வேறொரு குடும்பத்தில் சில காலம் வைத்துக் காக்க 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வழி செய்கிறது. தமிழில் இதனை வளர்ப்புப் பராமரிப்பு என்கிறோம். மலையாளத்தில் போற்றிவளர்த்தல் என்பர். வளர்ப்புத் தாய்க்குப் போற்றம்மை என்று பெயர். தமிழில் பெரும்பாலும் துதிக்குச் சென்றுவிட்ட ஒரு சொல்லை அண்டை மொழி குழந்தையின் அருகிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது.

அச்சிறுவன் எங்கே வாழ்வது என்பதை மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முடிவு செய்யும்: தலைவர் ஒருவர், உறுப்பினர் நால்வர். அவர்கள் முன்னே பலர் பேசுவர். பெற்றவள் மகனைத் திரும்பக் கேட்கிறாள். வளர்த்தவர்கள் அவனைப் பிரிய மனமின்றி நிற்கிறார்கள். அதிகாரிக்குக் கோப்பு முடிய வேண்டும். எல்லோர் சொல்லிலும் அன்பு இருக்கலாம். கூடவே தமக்கென ஒரு வேண்டுதலும் இருக்கிறது. குழந்தையின் கருத்தும் கேட்கப்பட வேண்டும் என்று சட்டத்தின் 3ஆம் பிரிவு கூறுகிறது. ஐந்து பெரியவர் அமர்ந்த மேசையின் முன் நின்று அவன் என்ன சொல்லிவிடுவான்? கேட்டதற்கெல்லாம் தலையசைப்பான்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டேவிட் சூக்கப் என்னும் நீதிபதிக்கும் இதே கவலை இருந்தது. முழு விவரம் அறியாமல் ஒரு குழந்தையின் வாழ்வைத் தீர்மானிக்கிறோமே என்று வருந்திய அவர், பொதுமக்களில் விருப்பமுள்ளோரை அழைத்தார். ஒருசிலர் வருவர் என்று எண்ணிய இடத்தில் ஐம்பது பேர் வந்தனர். குழந்தையை நேரில் சந்தித்து, பள்ளியிலும் வீட்டிலும் விசாரித்து, நீதிமன்றத்தில் அதன் நலனைச் சொல்லும் தன்னார்வலர் முறை அங்கு 1977இல் தொடங்கி, அந்நாட்டில் பரவியது. நம் சட்டத்தில் வளர்ப்புப் பராமரிப்புக்கென இதற்கு நேரான பொறுப்பு இல்லை. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தைக்குத் துணைநிற்க ஒருவரை நியமிக்க மட்டும் போக்சோ விதிகள் இடமளிக்கின்றன.

பெற்றவரும் அல்லர், வளர்த்தவரும் அல்லர்; அந்நியர் ஒருவருக்கு இதில் பேச என்ன உரிமை? அக்குழந்தையின்மீது எந்த உரிமையும் கோராதவர் என்பதே அவருடைய தகுதி எனலாம். ஆயினும் அது பாதி விடையே. ‘நான் இவனுக்கு வேண்டியவன்’ என்னும் இன்பத்தை நாடி வருபவரும் ஒன்றைக் கோரித்தான் வருகிறார். பிறந்தநாளில் இனிப்புடன் வந்து, படம் எடுத்துக்கொண்டு, மூன்றாம் மாதம் வராமல் நின்றுவிடுபவர் வராமலே இருந்திருக்கலாம். முன்பே ஒருமுறை கைவிடப்பட்ட குழந்தை அது.

இதைவிடக் கடினமான இடம் ஒன்றுண்டு. அடிபட்ட வீட்டுக்கே திரும்பிப் போக வேண்டும் என்று சிறுவன் சொல்கிறான். அவன் விருப்பத்தைச் சொல்வதா, அவன் நலத்தைச் சொல்வதா?

தொல்காப்பியம் கூறும் அறத்தொடு நிற்றல் இங்கே நினைவுக்கு வருகிறது. தலைவி தன் உள்ளத்தைத் தாயிடம் தானே உரைக்க இயலாள். தோழி செவிலிக்குச் சொல்கிறாள். செவிலி நற்றாய்க்குச் சொல்கிறாள். செவிலியும் வளர்ப்புத் தாய்தான். தன் கருத்தைத் தலைவியின் கருத்தாகத் தோழி உரைப்பதில்லை. தலைவி மறைத்ததை அவள்மேல் குற்றமாக உரைப்பதுமில்லை. குழுவின் முன் நிற்பவரும் ‘இவன் வீட்டுக்குப் போக விரும்புகிறான்’ என்பதை அவன் சொன்னபடியே சொல்ல வேண்டும். ‘அவ்வீட்டில் நான் கண்டது இது’ என்பதைத் தனியே சொல்ல வேண்டும். இரண்டையும் கலந்து தம் முடிவாகத் தருவது எளிது. குழந்தையின் குரல் அப்போதுதான் காணாமற் போகிறது.

காப்பகக் குழந்தைகளைக் கோடை விடுமுறைக்குக் குடும்பங்களில் தங்கவைக்கும் வழக்கமும் கேரளத்தில் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு வீட்டின் பிள்ளையாக இருந்துவிட்டு, ஜூனில் பள்ளி திறக்கையில் பலர் பழைய கட்டிலுக்குத் திரும்புகிறார்கள். அந்த வீடு எப்படி இருந்தது, மீண்டும் போக விருப்பமா என்று அவர்களிடம் யாராவது கேட்க வேண்டும். முதல் நாள் ‘நன்றாக இருந்தது’ என்றுதான் சொல்வார்கள். மற்றதைச் சொல்ல நான்கைந்து வாரங்கள் ஆகும். அதுவரை அவர் வந்துகொண்டிருக்க வேண்டும்.