மாணவன் கைப்பொருள் யாருடையது?

கல்லூரியில் சேரும் பிள்ளைக்குப் பெரியவர்கள் கூறும் அறிவுரைகளுள் தலையாயது, "சிக்கனமாக இரு, நன்றாகப் படி" என்பதாகும். இதனைக் கூறாத தந்தையும் இல்லை. கேளாத மாணவனும் இல்லை. ஆயினும் சிக்கனம் என்பது யாது, அஃது எதன்பொருட்டு, எந்த அளவிற்கு என்று விளக்கிச் சொல்வோர் அரியர். விளக்கமில்லா அறிவுரை இருவகையாகக் கெடுகின்றது. ஒரு மாணவன் காலை உணவைக் கைவிட்டு, பாடநூல் வாங்குவதையும் தவிர்த்துவிட்டு, அதுவே சிக்கனம் என்று எண்ணிக்கொள்கின்றான். மற்றொருவன், "இளமையில் அனுபவிக்காமல் எப்பொழுது அனுபவிப்பது?" என்று அறிவுரையையே தூக்கி எறிகின்றான். இவ்விருவருமே ஒரு வினாவைத் தம்மிடம் கேட்டுக்கொள்ளாதவர்கள். தம் கையில் இருக்கும் பணம் யாருடையது என்பதே அவ்வினா.

இவ்வினாவிற்கு விடை காணுமுன், சொற்களைச் சற்றே ஆராய்வது நலம். செலவைக் குறித்து அரபு மொழியில் நுட்பமான சொற்கள் பல உள. தேவையான ஒன்றிலேயே அளவைக் கடந்து போவது 'இஸ்ராஃப்'. விதை இறைப்பதைக் குறிக்கும் 'பத்ர்' என்னும் அடியிலிருந்து பிறந்தது 'தப்தீர்'. பொருளைக் கண்டபடி சிதறடித்தல் என்பது அதன் கருத்து. கொடுக்கவேண்டிய இடத்திலும் கைமூடி இருப்பது 'புக்ல்'. திருமறை வீண்செலவையும் கஞ்சத்தனத்தையும் ஒருங்கே கண்டித்து, இரண்டிற்கும் நடுவான நெறியைப் பாராட்டுகின்றது. அந்நடுநெறிக்குரிய சொல் 'இக்திஸாத்'. இது 'கஸ்து' என்னும் வேரிலிருந்து வந்தது. ஒன்றை நாடுதல், குறிக்கோளாகக் கொள்ளுதல், நேர்வழியில் சமநிலையோடு செல்லுதல் ஆகிய பொருள்கள் யாவும் அவ்வேரில் அடங்கும். இன்றைய அரபு மொழியில் பொருளியல் துறைக்கே இதுதான் பெயர்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? நோக்கம் இல்லாதவனுக்குச் சிக்கனமும் இல்லை என்பதே. உழுத நிலத்தில் விதையை வீசுகின்றவனை ஊதாரி என்று எவரும் சொல்வதில்லை. அதே விதையைப் பாறையில் எறிபவன் ஊதாரி. விளையும் காலத்திலும் விதையைக் குதிரிலேயே வைத்துப் பூட்டியிருப்பவன் கஞ்சன். மூவர் கையிலும் இருப்பது ஒரே விதைதான். அவர்களை வேறுபடுத்துவது நோக்கம். மாணவர்க்கு நெறி கூறும் இமாம் ஸர்னூஜி அவர்களின் 'தஃலீமுல் முதஅல்லிம்' என்னும் நூல், கற்பதற்குரிய எண்ணத்தைத் தொடக்கத்திலேயே பேசிவிட்டு, வாழ்வாதாரத்தைப் பற்றி இறுதி இயலில் பேசுகின்றது. இவ்வரிசையிலும் ஒரு பாடம் உண்டு. முதலில் நோக்கம், அதன் பின்னரே பணம்.

இனி, பணம் யாருடையது என்னும் வினாவிற்கு வருவோம். இதற்கு விடை தேட நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் வரை சென்றால் போதும். பட்டு நெசவாளர் மிகுந்து வாழும் பகுதி அது. கூட்டுறவுச் சங்கத்திற்கோ, தனி முதலாளிக்கோ நெய்து கொடுக்கும் நெசவாளர், பட்டையும் சரிகையையும் எடைபோட்டே பெற்றுக்கொள்கின்றார். சேலையை நெய்து முடித்து ஒப்படைக்கும்போது அதுவும் எடைபோடப்படுகின்றது. கொடுத்ததற்கும் திரும்பி வந்ததற்கும் கணக்கு ஒத்துப்போக வேண்டும். பட்டு அவருடையதன்று, உழைப்பே அவருடையது. எனவேதான் ஓர் இழை அறுந்தால் உடனே தறியை நிறுத்தி முடிச்சிடுகின்றார். சரிகைத் துணுக்கையும் வீணாக்காமல் எடுத்து வைக்கின்றார். இதனைக் கஞ்சத்தனம் என்று எவரேனும் கூறுவரோ? இது நேர்மை. பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவனின் பொறுப்பு. அரபியில் இதற்கு 'அமானத்' என்று பெயர்.

இத்தகைய இல்லத்திலிருந்து கல்லூரிக்குச் செல்லும் மாணவனின் பையில் இருக்கும் பணமும் அவ்வாறு எடைபோட்டுக் கொடுக்கப்பட்ட பட்டேயாகும். அதன் எடையைச் சரியாக அறிய, காஞ்சிப் பட்டின் வேலைப்பாட்டைக் கொஞ்சம் அறிந்திருத்தல் வேண்டும். சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் தேவை. உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் இரண்டு. ஆதலின் நெசவாளருக்குத் துணையாக மற்றொருவர் தறியருகே அமர்வது வழக்கம். ஒரு காலத்தில் அவ்விடத்தில் அமர்ந்தவர்கள் பள்ளிக்குச் செல்லவேண்டிய சிறுவர்களே. குழந்தைத் தொழிலாளர் குறித்து 1986ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டமும், அதன்பின் நிகழ்ந்த இயக்கங்களும், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் அச்சிறுவர்களைப் பள்ளிக்கு அனுப்ப உதவின. இன்று பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவன் கல்லூரிக்குச் செல்கின்றான் என்றால், அவன் அமர்ந்திருக்கக்கூடிய அவ்விடத்தில் தாய் அமர்கின்றாள். அல்லது கூலிக்கு ஓர் ஆள் அமர்கின்றார். ஆகவே அவனது படிப்பிற்கு ஆகும் செலவு, கட்டணச் சீட்டில் எழுதப்பட்ட தொகை மட்டும் அன்று. அவன் ஈட்டியிருக்கக்கூடிய, ஆனால் ஈட்டாமல் விட்ட கூலியும் அதில் அடங்கும். இக்கூலிக்கு எந்த அலுவலகமும் ரசீது தருவதில்லை. ரசீது இல்லாத காரணத்தால், மாணவனும் அதை எளிதில் மறந்துவிடுகின்றான்.

காஞ்சி மண்ணிலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. நெசவாளர் குடும்பத்தில் 1909ஆம் ஆண்டு பிறந்த அறிஞர் அண்ணா அவர்கள், குடும்பத்தின் பொருள் நெருக்கடியால் படிப்பை இடையில் நிறுத்தி, நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்தவர். பின்னர் மீண்டும் படிப்பைத் தொடர்ந்து, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்று, 1934ஆம் ஆண்டு ஆனர்ஸ் பட்டம் பெற்றார். அவர் பயின்ற துறைகளுள் ஒன்று பொருளியல் என்பதும் நினைவுகூரத்தக்கது.

அக்கல்லூரியின் வரலாறும் நம் வினாவிற்கு விடை தருகின்றது. பச்சையப்ப முதலியார் 1794ஆம் ஆண்டு மறைந்தவர். அறப்பணிகளுக்கென்று உயில் எழுதிவைத்தவர். அவ்வறப்பொருள் நெடுங்காலம் வழக்கில் கிடந்து, பின் நீதிமன்றத்தின் வழியே ஒழுங்கு செய்யப்பட்டபோது, அறங்களுக்குப் போக எஞ்சியிருந்த தொகையைக் கொண்டே 1842ஆம் ஆண்டு சென்னையில் பள்ளி தொடங்கப்பட்டது. பின்னாளில் அது கல்லூரியாக வளர்ந்தது. அவ்வறக்கட்டளையின் ஆடவர் கல்லூரி ஒன்று 1947ஆம் ஆண்டு காஞ்சிபுரத்திலும் தோன்றியது. எஞ்சிய பணம் எவர் கண்ணிலும் படாமல் கரைந்து போயிருந்தால், நெசவாளர் பிள்ளைகள் பலருக்குக் கல்லூரிப் படி ஏறும் வாய்ப்பே கிட்டியிராது. ஆக, மாணவன் கையாளும் பொருளில் பெற்றோரின் உழைப்பு மட்டுமன்றி, என்றோ மறைந்த ஒருவரின் மிச்சமும், ஊரார் செலுத்தும் வரியும் கலந்திருக்கின்றன.

பட்டுக்கும் கல்விக்கும் உள்ள இவ்வுறவு காஞ்சிக்கு மட்டும் உரியதன்று. கூஃபா நகரில் வாழ்ந்து கி.பி. 767ஆம் ஆண்டு மறைந்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் 'கஸ்' என்னும் பட்டுக்கலப்புத் துணி வணிகர். அவர்களிடம் பயின்ற ஏழை மாணவர் அபூயூசுஃப் (ரஹ்). வீட்டில் வறுமை. அதனால் படிப்பை விட்டுவிட்டுப் பிழைப்பைத் தேடுமாறு வீட்டார் வற்புறுத்தினர். இதனை அறிந்த இமாம் அவர்கள், மாணவரின் செலவுக்கு வேண்டிய பணத்தை அவர் கேட்கும்முன்பே தொடர்ந்து கொடுத்து வந்தார்கள் என்பது வரலாற்று நூல்கள் சிற்சில வேறுபாடுகளுடன் கூறும் செய்தி. அம்மாணவரே பிற்காலத்தில் ஹாரூன் ரஷீத் ஆட்சியில் தலைமை நீதிபதியானார். அரசின் வரிவருவாய் குறித்து 'கிதாபுல் கராஜ்' என்னும் நூலையும் யாத்தார். ஒரு துணி வணிகரின் பணம் ஒரு பேரரசின் வரிநெறியைப் பேசும் அறிவாக மாறியது.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இமாம் அவர்கள் அம்மாணவருக்குச் சிக்கனத்தைப் போதிக்கவில்லை, பணத்தைக் கொடுத்தார்கள். ஏனெனில் கையில் ஒன்றுமே இல்லாதவனிடம் சேமிக்கச் சொல்வது அறிவுரை ஆகாது. "ஏழைக்குச் சிக்கனம் சொல்வது கொடுமை" என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்தில் உண்மை உண்டு. பசித்த வயிற்றோடு வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவனுக்கு முதற்கடன் பட்டவர்கள் ஊராரும் அரசும். அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்வி பெறும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022ஆம் ஆண்டும், மாணவர்க்கான 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024ஆம் ஆண்டும் தொடங்கப்பட்டதன் நியாயம் இதுவே. தமக்குரிய உதவித்தொகை எது, அதற்கு எந்நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டறிவது மாணவனின் முதற் சிக்கனம். உரிமையாக வரவேண்டிய தொகையைச் சோம்பலால் இழந்துவிட்டுத் தேநீரைக் குறைத்துக்கொள்வதில் பயனில்லை.

எனினும் மேற்கூறிய வாதம் பாதி உண்மையே. கையில் சிறிதேனும் வந்த பின்னர், அதற்குக் கணக்கு வைக்கும் கடமை ஏழைக்கும் உண்டு, செல்வனுக்கும் உண்டு. சங்கத்தில் பட்டு வாங்கியவர் ஏழை என்பதற்காக எடை தள்ளுபடி செய்யப்படுவதில்லை அன்றோ?

அக்கணக்கை எவ்வாறு வைப்பது? முதலாவது, எழுதி வைப்பது. நாளொன்றுக்குச் சிற்றுண்டிக்கும் தேநீருக்கும் 30 ரூபாய் என்றால் அது சிறு தொகையாகவே தோன்றும். ஆண்டிற்கு 180 கல்லூரி நாட்கள் என்று கொண்டால் அது 5,400 ரூபாய். மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் 16,200 ரூபாய். அத்தொகையைச் செலவிடவே கூடாது என்பதன்று கருத்து. நண்பரோடு அருந்தும் தேநீருக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஆனால் 16,200 ரூபாய்க்கு அது தகுமா என்று தெரிந்து முடிவு செய்யவேண்டும். தெரியாமல் கரையவிடக் கூடாது.

இரண்டாவது, குறைக்கக் கூடாதவற்றைக் குறைக்காதிருப்பது. காலை உணவு, உறக்கம், மருத்துவம், இன்றியமையாப் பாடநூல், தேர்வுக் கட்டணம் ஆகியவற்றில் கைவைப்பது, பாவிலிருந்து இழையை உருவிச் சேமிப்பதற்கு ஒப்பாகும். சேலையே நில்லாது. பாடநூல்களை நூலகத்தில் பெறலாம். மூத்த மாணவரிடமிருந்து பாதி விலைக்கு வாங்கலாம். மூவர் கூடி ஒன்று வாங்கிப் பகிரலாம். நூலே இல்லாமல் இருப்பதுதான் கூடாது.

மூன்றாவது, கடனை அஞ்சுவது. வட்டியின் ஆகும் ஆகாமை பற்றிய மார்க்க ஆய்வை ஈண்டு விரிக்கவில்லை. வெறும் கணக்கையே பேசுவோம். கல்விக் கடனுக்குப் படிக்கும் காலத்திலும் வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். அதனினும் கொடியது, தவணையில் வாங்கும் விலையுயர்ந்த கைப்பேசியும், செயலிகள் வழியே நொடியில் கிட்டும் கடனும். கல்விக்காகக் கடன் பட்டவனுக்கு அறிவேனும் மிஞ்சும். காட்சிக்காகக் கடன் பட்டவனுக்கு மிஞ்சுவது தவணை.

நான்காவது, காலத்தையும் பணமாக எண்ணுவது. கைப்பேசித் திரையில் நாள்தோறும் மூன்று மணி நேரத்தைச் சிதறவிடுபவன் செய்வதும் தப்தீரே. தேர்வில் ஒரு தாள் தவறினால் மீண்டும் கட்டணம், மீண்டும் பயணம், சில வேளைகளில் ஓராண்டே வீண். எல்லாச் சேமிப்பையும் அது விழுங்கிவிடும். ஒழுங்காகப் படிப்பதைவிட மலிவான வழி கல்லூரியில் வேறில்லை.

இவை யாவும் அறிந்திருந்தும் மாணவர் ஏன் வீண்செலவு செய்கின்றனர்? ஆசை ஒரு காரணம். ஆனால் அதனினும் வலியது வெட்கம் என்பது எம் கருத்து. தோழர் அனைவரும் உயர்ந்த காலணி அணிந்திருக்க, தான் மட்டும் எளிய செருப்போடு நிற்பதா? பிறந்தநாள் விருந்துக்கு அழைத்தவர்களுக்குத் திருப்பி விருந்து வைக்காதிருப்பதா? "தந்தை தறி நெய்கின்றார்" என்று சொல்லத் தயங்கும் பிள்ளை, அத்தயக்கத்தை மறைக்கப் பணம் செலவிடுகின்றான். அதுவும் அந்தத் தறியிலிருந்து வந்த பணம்! வறுமை கேட்கும் செலவுக்கு ஓர் எல்லை உண்டு. சோறு, துணி, நூல் என்று அது எங்கேனும் நிற்கும். வெட்கம் கேட்கும் செலவுக்கு நிற்குமிடம் இல்லை. ஆகவே மாணவனுக்குச் சிக்கனம் கற்பிக்க விரும்புவோர், முதலில் அவனுடைய வெட்கத்தை நீக்குதல் வேண்டும். "என்னிடம் இப்போது பணமில்லை" என்று தோழரிடம் தலைநிமிர்ந்து சொல்லக் கற்றவன், பாதி சேமித்துவிட்டான்.

இதற்கு இல்லத்தார் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நம் பெற்றோரில் பலர், பிள்ளையின் மனம் நோகும் என்று எண்ணி, வீட்டுக் கணக்கை அவனிடம் மறைக்கின்றனர். முதலாளியிடம் வாங்கிய முன்பணம், அடகுக்குப் போன நகை, தாயின் ஓய்வில்லா உழைப்பு ஆகிய எதனையும் சொல்வதில்லை. பின்னர் அவன் செலவு செய்யும்போது, "கஷ்டம் தெரியாமல் வளர்ந்துவிட்டான்" என்று வருந்துகின்றனர். எடையைச் சொல்லாமல் பட்டைக் கொடுத்துவிட்டு, திரும்பி வரும்போது குறைந்திருக்கிறதே என்று கேட்பது நியாயமாகுமா? கல்லூரி திறக்குமுன் ஒருநாள் பிள்ளையை அருகில் அமர்த்தி, வரவையும் செலவையும் கடனையும் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். குத்திக்காட்டும் தொனியில் அன்று, கூட்டாளியிடம் பேசுவதுபோல. பெண்மக்களுக்கும் அவ்வாறே காட்டுங்கள். தம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டது எவ்வளவு என்று அறிந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் அதனைப் பாழாக்கத் துணிவதில்லை.