யார் வழிவிட வேண்டும்?

இருவர் ஒருங்கே செல்ல இடமில்லாத ஒடுங்கிய வழியில் எதிரெதிரே இருவர் வந்துவிட்டால், ஒதுங்க வேண்டியவர் யார்? கேள்வி மிகச் சிறியது. ஆயினும், ஒரு சமுதாயம் அதற்கு அளிக்கும் விடையிலே அச்சமுதாயத்தின் அறம் முழுவதும் தெரிந்துவிடுகிறது. வலியவன் செல்ல மெலியவன் ஒதுங்குவது ஒரு விடை. முந்தி வந்தவன் முந்திச் செல்வது இன்னொரு விடை. பெருந்தன்மையுள்ளவன் விட்டுக்கொடுப்பது மூன்றாவது விடை. இவற்றுள் எதிலும் அடங்காத நான்காவது விடை ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்தவர்கள் லொறிச் சாரதிகளும் படகோட்டிகளுமே.

மலைநாட்டுத் தோட்டப் பாதையொன்றை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் பள்ளம். கொழுந்து ஏற்றிய லொறி உறுமிக்கொண்டு மேலேறுகிறது. மேலிருந்து ஒரு கார் இறங்கி வருகிறது. இறங்கும் காரே ஒதுங்கி நிற்க வேண்டும். 1968 ஆம் ஆண்டு வியன்னாவில் உருவான வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை இதைத்தான் விதிக்கிறது. இந்தியாவின் 1989 ஆம் ஆண்டு வீதி விதிகளும் இதையே கூறின. காரணம் எளிது. பாரத்துடன் ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டி மீண்டும் கிளம்புவது கடினம். பின்னோக்கி உருளும் ஆபத்தும் உண்டு. இறங்கும் வண்டியோ நின்று மறுபடி புறப்படுவதில் பெரிய சிரமமில்லை.

இனி ஆற்றுக்கு வருவோம். அமெரிக்காவின் மிசிசிப்பி போன்ற ஆறுகளுக்கு 1980 இல் இயற்றப்பட்ட சட்டம் இதற்கு நேர்மாறாகக் கட்டளையிட்டது. குறுகிய நீர்வழியில் ஓட்டத்தோடு கீழ்நோக்கி வரும் இயந்திரப் படகுக்கே முன்னுரிமை; எதிர்த்து ஏறிவரும் படகு காத்திருக்க வேண்டும். பின்னிருந்து நீரோட்டம் தள்ளும்போது படகை நிறுத்துவதும் அரிது, திருப்புவதும் அரிது. ஓட்டத்தை எதிர்த்து வருபவனோ வேகத்தைக் குறைத்து நின்ற இடத்திலேயே நிற்க முடியும்.

மலையில் ஏறுபவனுக்கு முதலிடம். ஆற்றில் இறங்குபவனுக்கு முதலிடம். கட்டளைகள் முரண்படுகின்றன, நியாயம் ஒன்றே. எவனால் எளிதாக விலக முடியுமோ, விலகும் கடமை அவனுடையது. எவன் விலகினால் அழிவானோ, அவனுக்கே வழி.

1972 இல் வகுக்கப்பட்டு 1977 இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கடல்மோதல் தடுப்பு விதிகள் இந்த நியாயத்தைப் படிப்படியாக அடுக்கிக் காட்டுகின்றன. இயந்திரக் கப்பல் பாய்க்கப்பலுக்கு விலக வேண்டும். பாய்க்கப்பல் மீன்பிடிக்கும் கலத்துக்கு விலக வேண்டும். கட்டுப்பாட்டை இழந்த கலத்துக்கு இவை அனைத்தும் விலக வேண்டும். நீரில் இறங்கிய விமானமோ எல்லாக் கலங்களுக்கும் எட்டியே நிற்க வேண்டும்! பறக்கத் தெரிந்ததற்கே மிகப் பெரிய பணிவு விதிக்கப்பட்டிருக்கிறது.

சமநிலையில் உள்ளவர்களுக்கு விதியும் சமமானதே. ஒடுங்கிய நீர்வழியில் ஒவ்வொரு கலமும் தன் வலப்பக்கக் கரையை ஒட்டியே செல்ல வேண்டும். எதிர்வரும் கலம் தெரியாத வளைவை நெருங்கும்போது ஒரு நீண்ட ஒலி எழுப்ப வேண்டும். மறுபுறம் இருப்பவன் அதே ஒலியால் விடைதர வேண்டும். அத்தகைய வழியில் நங்கூரமிட்டு நிற்பதைத் தவிர்க்க வேண்டும்.

கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965 இல் உருவான காசல்ரீ நீர்த்தேக்கம், தேயிலைச் சரிவுகளுக்கிடையே பல கிளைகளாகப் புகுந்து கிடக்கிறது. உல்லாசப் பயணிகளை ஏற்றிவந்த விமானங்களும் அதன் நீரில் இறங்கியதுண்டு. கடலுக்கும், கடற்கப்பல் வரக்கூடிய நீர்வழிகளுக்கும் எழுதப்பட்ட விதிகள் மலைமேலுள்ள இந்நீருக்குச் சட்டப்படி செல்லுபடியாகா. எனினும் அவற்றின் நியாயம் இங்கும் செல்லும். நீரில் மட்டுமன்று, கரையிலும் செல்லும்.

ஆனால் கரையில் நடந்தது என்ன? துரையின் குதிரை வந்தபோதும், பின்னர் அவருடைய மோட்டார் வந்தபோதும் ஒதுங்கியவர்கள் யார்? கொழுந்துக் கூடையை முதுகில் சுமந்து, வழுக்கும் சரிவிலே வெறுங்காலுடன் ஏறிய பெண்களே ஒதுங்கினார்கள். லொறிக்குரிய நியாயம்கூட அவர்களுக்குக் கிட்டவில்லை. சுமையற்றவன் செல்லச் சுமப்பவள் பள்ளத்தின் ஓரத்தில் நின்றாள். அதற்கு மரியாதை என்று பெயரும் சூட்டப்பட்டது.

பாதையில் பழகிய இந்த வழக்கம் நாட்டின் சட்டத்திலும் ஏறியது. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டில் அவர்களுடைய வாக்குரிமையும் போயிற்று. 1964 இல் இரண்டு அரசுகள் எதிரெதிரே சந்தித்தன. 975,000 மக்களில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று ஒப்புக்கொண்டன. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் சரிபாதியாகப் பங்கிட்டன. இரு பெருங்கலங்களும் மோதாமல் கடந்து சென்றன. அவற்றுக்கு வழிவிட்டு, தம் வாழ்வின் திசையையே மாற்றிக்கொண்டவர்கள் விலகவே வலுவில்லாத தொழிலாளர்கள். இந்த அநீதியின் எச்சத்தைச் சட்டப்படி தீர்க்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1969 இல் மவுசாக்கலை அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருக்கு வழிவிட்டது. நீர் வற்றும் காலத்தில் அதன் வழிபாட்டிடங்களின் சிதைவுகள் இன்றும் தலைகாட்டுகின்றன.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஒடுங்கிய வழியில் 20 மீற்றருக்குக் குறைந்த சிறு கலம், அவ்வழியில் மட்டுமே பாதுகாப்பாகச் செல்லக்கூடிய பெருங்கப்பலுக்குத் தடையாக இருக்கக்கூடாது என்று அதே கடல் விதி சொல்கிறதே. சிறியவன் பெரியவனுக்கு ஒதுங்குவது அப்பொழுது நியாயந்தானே? ஆம், அங்கே நியாயந்தான். சிறுபடகு ஆழமற்ற நீரிலும் மிதக்கும். பெருங்கப்பலோ வழியை விட்டு விலகினால் தரைதட்டிவிடும். கப்பலின் பருமனுக்கன்று, அதன் மெய்யான இயலாமைக்கே அந்தச் சலுகை.

இந்தச் சலுகையைத்தான் வலியோர் எப்பொழுதும் கோருகிறார்கள். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காகத் தோட்டத் தொழிலாளர் பல ஆண்டுகள் போராடிய பின்பே, 2021 இல் அது வர்த்தமானியில் வெளியாயிற்று. அதுவரையும், அதன் பின்னரும், கம்பனிகள் தமக்குக் கட்டுப்படியாகாது என்றே வாதிட்டன. மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். கடல் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. தன் ஆழத்தினால் விலக இயலாத கப்பல் அந்தச் சலுகையைப் பெற வேண்டுமாயின், இரவில் மூன்று செவ்விளக்குகளை ஒன்றன்கீழ் ஒன்றாகவும், பகலில் உருளை வடிவ அடையாளத்தையும் எல்லோரும் காணத் தொங்கவிட வேண்டும். வாய்ச்சொல் போதாது. அவ்வாறாயின், இயலாமையைக் காரணம் காட்டும் கம்பனியும் தன் கணக்கேடுகளைத் தொழிலாளர்முன் விரித்துவைக்க வேண்டாமா? விளக்கேற்றாதவன் சலுகை கேட்க உரிமையற்றவன்.

வழி பெறுபவனுக்கும் கடமை உண்டு. அவன் தன் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் செல்ல வேண்டும். எதிரே வருபவன் அதை நம்பியே விலகுகிறான். மற்றவனின் நோக்கம் விளங்காவிட்டால், குறைந்தது ஐந்து குறுகிய ஒலிகளை விரைந்து எழுப்ப வேண்டும். அவன் விலகாமலே வந்து, அவனால் மட்டும் மோதலைத் தவிர்க்க இயலாத நிலை நேர்ந்தால், தானும் செயற்பட்டே ஆகவேண்டும். மெலியவனை மௌனமாக நிற்கும்படி எந்த மாலுமியும் சொல்லவில்லை. ஊர்வலமும் வேலைநிறுத்தமும் ஒழுங்கைக் கெடுப்பன என்று முகஞ்சுளிப்போர், ஆபத்தை அறிவிக்கும் அந்த ஐந்து ஒலிகளும் ஒழுங்கின் ஒரு பகுதியே என்பதை நினைத்துப் பார்க்கட்டும்.

வழிவிடுதல் தயவன்று. தயவென்றால் அதைக் கொடுப்பவன் மறுக்கவும் கூடும். இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு ஒதுங்குவது சாரதியின் நல்ல குணத்தைப் பொறுத்ததன்று. அது அவனுக்குரிய கடமை. வகுப்பறையில் ஒழுக்கம் போதிக்கும் ஆசிரியர்கள், பெரியவர்களுக்கு வழிவிடு என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லட்டும்: சுமப்பவருக்கு வழிவிடு.