நீர் யார் என்னும் வினா

மனிதன் மனிதனிடம் கேட்கும் வினாக்களுள் மிக எளியது ‘நீர் யார்?’ என்பது. வழிப்போக்கரைத் திண்ணையில் அமர்த்தித் தண்ணீர் தரும் வீட்டுக்காரரும் அதைக் கேட்கிறார். நள்ளிரவில் வழிமறிக்கும் காவலரும் அதைக் கேட்கிறார். சொல் ஒன்றே. ஒருவர் வாயில் அது விருந்தோம்பலாக ஒலிக்கிறது. மற்றவர் வாயில் அச்சுறுத்தலாக ஒலிக்கிறது. இதே வினாவை அரசாங்க அலுவலகம் ஒன்று கேட்கும்போது அது எவ்வகையைச் சேர்ந்தது? ‘என்னைப் பற்றி நீங்கள் எழுதி வைத்திருப்பதை எனக்குக் காட்டுங்கள்’ என்று விண்ணப்பிக்கும் குடிமகனை நோக்கி, ‘முதலில் நீர்தாம் அவர் என்பதை மெய்ப்பியும்’ என்று சொல்வது நியாயமா, அநியாயமா? இதனைச் சற்று ஆராய்வோம்.

மேலோட்டமாகப் பார்த்தால் இதில் ஓர் அநீதி தென்படவே செய்யும். எழுதும் காலத்தில் நம் இசைவைக் கேட்டவர் எவருமில்லை. பிறப்பு, படிப்பு, வரி, வழக்கு, நோய், பயணம் என்று வாழ்க்கையின் ஒவ்வொரு திருப்பத்திலும் நம் பெயரில் ஓர் ஏடு வளர்ந்துகொண்டே போகிறது. அப்போதெல்லாம் இவர் இன்னார்தாம் என்று ஐயமின்றி எழுதிக்கொண்ட அரசாங்கம், அந்த ஏட்டை நாம் கேட்கும் நாளில் மட்டும் நம்மை அறியாததுபோல் நிற்கிறது. எழுதும்போது கேளாதவர் காட்டும்போது கேட்கிறாரே என்று சினம் எழுவது இயல்புதான். ஆனால் சினம் நீதியைத் தேடுவதற்குத் தொடக்கமாகலாமேயன்றி அத்தேடலின் முடிவாகிவிடக் கூடாது.

இந்தச் சினத்திற்கு மிகுந்த உரிமை உடையவர்கள் முன்னாள் கிழக்கு ஜெர்மனியின் மக்கள். ‘ஸ்டாஸி’ எனப்பட்ட அந்நாட்டின் அரசுப் பாதுகாப்பு அமைச்சகத்தில் 1989ஆம் ஆண்டில் ஏறத்தாழ 91,000 முழுநேர ஊழியர்கள் இருந்தனர். அவர்களுக்கு மறைவாகச் செய்தி சேகரித்துத் தந்தவர்கள் 1,70,000 பேருக்கும் மேல். அண்டை வீட்டார், உடன் பணிபுரிவோர், நெருங்கிய நண்பர், சில இல்லங்களில் வாழ்க்கைத் துணைவரே கூட அந்த வரிசையில் இருந்தனர். அவர்கள் திரட்டிய கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் 111 கிலோமீட்டர் நீளும். பெர்லின் சுவர் திறந்தபின் அந்த ஆவணங்கள் அழிக்கப்பட்டு வருவதை அறிந்த மக்கள், 1989 டிசம்பரில் எர்ஃபர்ட் நகரிலும் 1990 ஜனவரி 15ஆம் நாள் பெர்லின் தலைமையகத்திலும் நுழைந்து அதைத் தடுத்தனர். ஒன்றுபட்ட ஜெர்மனி 1991 டிசம்பரில் அதற்கெனவே ஒரு சட்டம் இயற்றியது. 1992 ஜனவரி முதல் ஒவ்வொருவரும் தம்மைப் பற்றிய கோப்பைப் பார்க்கலாம் என்றாயிற்று. அன்று தொட்டுத் தனிமனிதர்கள் அளித்த விண்ணப்பங்கள் 30 இலட்சத்தைத் தாண்டின. அக்கோப்புகள் 2021 ஜூன் முதல் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளன.

இத்துணை கொடுமைக்கு ஆளான மக்களிடமும் அந்தச் சட்டம் ‘நீர் யார்?’ என்றே கேட்டது. விண்ணப்பிப்பவர் தம் அடையாளத்தை உரிய அதிகாரியின் உறுதிச்சான்றால் மெய்ப்பிக்க வேண்டும் என்றது. வேதனைப்பட்டவர்களை மேலும் வேதனைப்படுத்துவதாக இது தோன்றலாம். ஆனால் அந்தக் கோப்புகளுள் இருப்பது எது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பிரித்துப் படிக்கப்பட்ட கடிதங்கள், ஒட்டுக்கேட்கப்பட்ட உரையாடல்கள், குடும்பத்தின் பூசல்கள், நோய்கள், காதல்கள் யாவும் அங்கே எழுதப்பட்டிருந்தன. ஒருவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த வேறொருவர் கையில் அக்கோப்பைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? பழைய அரசு ஒருமுறை செய்த உளவைப் புதிய அரசு இரண்டாம் முறையாகச் செய்ததாகும். அதனாலேதான் கோப்பில் தற்செயலாக இடம்பெற்ற மூன்றாமவரின் செய்திகளையும் மை பூசி மறைத்துக் கொடுத்தார்கள். மறைவிலிருந்து உளவு சொன்னவரின் உண்மைப் பெயரையோ, பாதிக்கப்பட்டவர் கேட்டபோது வெளிப்படுத்தினார்கள்.

இவ்விடத்தில் நம் வினாவின் உட்பொருள் துலங்கத் தொடங்குகிறது. ‘நீர் யார்?’ என்பது வாயிலில் நிற்பவரை இழிவுபடுத்துவதற்காகக் கேட்கப்படுவதன்று. வாயிலில் இல்லாத ஒருவரைக் காப்பதற்காகக் கேட்கப்படுவது அது. வந்திருப்பவர் உண்மையானவராயின் அவ்விருவரும் ஒருவரே, இழப்பு ஏதுமில்லை. பொய்யராயின், அங்கில்லாத அந்த மற்றவருக்காகப் பேச அலுவலரைத் தவிர வேறு எவருமில்லை. ஏடு அலுவலகத்தின் சொத்தன்று, அதன் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைத் திருப்பிக் கொடுப்பதும் கடமை. உரியவரிடமே கொடுப்பதும் கடமை. இரண்டில் ஒன்றைவிட்டு ஒன்றைச் செய்தவர் எதையுமே செய்யாதவராவார்.

வினாவைக் கேளாமல் விட்டதன் விலையை அமெரிக்கா ஓர் உயிரால் அறிந்தது. கலிபோர்னியா மாநிலத்தில் அக்காலத்தில் மோட்டார் வாகனத் துறையின் பதிவேட்டிலிருந்து பிறருடைய முகவரியைப் பெறுவது எளிதாக இருந்தது. ரெபெக்கா ஷேஃபர் என்னும் 21 வயது நடிகையை வெறியுடன் பின்தொடர்ந்த ஒருவன், தனியார் துப்பறிவாளர் மூலம் அந்தப் பதிவேட்டின் வழியே அவருடைய வீட்டு முகவரியைப் பெற்றான். 1989 ஜூலை 18ஆம் நாள் அவருடைய வீட்டு வாசலிலேயே அவரைச் சுட்டுக் கொன்றான். பதிவேட்டில் இருந்தது ஒரு வரி முகவரிதான். அந்த ஒரு வரியைக் கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்று எவரும் உறுதியாக வினவவில்லை. 1994இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஓட்டுநர்களின் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டத்தை இயற்றியதற்கு இந்தக் கொலையும் ஒரு காரணமாயிற்று.

தம் செய்தியைத் தாமே கேட்டறியும் உரிமையும் தவறான கைக்குச் சாவியாகிவிடலாம். ஐரோப்பாவில் 2018இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிகள் அவ்வுரிமையை வலுவாக்கின. அடுத்த ஆண்டே ஆக்ஸ்ஃபர்டு ஆய்வாளர் ஒருவர், தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணின் சம்மதத்துடன், அப்பெண்ணின் பெயரால் நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பம் விடுத்துப் பார்த்தார். அப்பெண்ணைப் பற்றிய செய்தியை வைத்திருந்த நிறுவனங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று போதிய சோதனையின்றி அதைக் கொடுத்துவிட்டது. உரிமை பெரிதாகப் பெரிதாக அதைக் காக்கும் விழிப்பும் பெரிதாக வேண்டுமென்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அப்படியாயின் கேட்பது எவ்வளவு கடுமையாக இருப்பினும் தகுமா? தகாது. வினாவைக் கேட்பதற்கு ஒரு நியாயம் உண்டெனில் அந்த நியாயத்திற்கு ஓர் எல்லையும் உண்டு.

அமெரிக்காவின் அந்தரங்கச் சட்டம் 1974இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் அந்நாட்டு நீதித்துறையிடம் தம் கோப்பைக் கேட்பவர் முழுப்பெயர், தற்போதைய முகவரி, பிறந்த நாள், பிறந்த ஊர் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட வேண்டும். கையொப்பத்தைச் சான்றுறுதி அலுவலர் முன்னிலையில் இடலாம். அதற்கு வசதியில்லாதவர், ‘பொய்யுரைத்தால் தண்டனைக்குரியவன் என்பதை அறிந்தே இதை உண்மையென உறுதி கூறுகிறேன்’ என்னும் கருத்துப்பட எழுதித் தாமே கையொப்பமிட்டு அனுப்பினாலும் போதும். 1976இல் இயற்றப்பட்ட வேறொரு சட்டம் இவ்வழியைத் திறந்தது. பொய்க்காரணம் காட்டிப் பிறர் கோப்பைப் பெறுபவருக்கு 5,000 டாலர் வரை அபராதம் உண்டு. தகாதவருக்குத் தெரிந்தே வெளிப்படுத்தும் அலுவலருக்கும் அதே அபராதம்தான். சமூகப் பாதுகாப்பு எண்ணைத் தருவதும் தராததும் விண்ணப்பிப்பவரின் விருப்பம்.

இந்த ஏற்பாட்டில் மனித மாண்பு ஒன்று மறைந்திருக்கிறது. நேர்மையானவரை முன்கூட்டியே ஐயுறுவதைவிட, பொய்யரைப் பின்னர்த் தண்டிப்பது மேல் என்று அது கருதுகிறது. மனிதனின் சொல்லுக்கு மதிப்பளிக்கிறது. எனினும் பின்னர் வரும் தண்டனையால் மாண்டவர் மீள்வதில்லை என்பதையும் கலிபோர்னியா காட்டிவிட்டது. ஆகவே ஒரே அளவுகோல் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. தவறாகக் கொடுத்துவிட்டால் விளையும் தீங்கு பெரிதா, தவறாக மறுத்துவிட்டால் விளையும் தீங்கு பெரிதா என்று எடைபோட வேண்டும். எந்தத் தவறு திருத்த இயலாததோ, அதைத் தவிர்க்கும் பக்கமாகவே முறை சாய வேண்டும்.

மறுப்பின் தீங்கு எத்தகையது என்பதைப் பிரிட்டனில் காணலாம். இரண்டாம் உலகப் போருக்குப்பின் அந்நாட்டைக் கட்டியெழுப்பக் கரீபியத் தீவுகளிலிருந்து மக்கள் அழைக்கப்பட்டனர். 1948 ஜூனில் அவர்களுள் பலரை ஏற்றிவந்த ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பலின் பெயராலேயே அத்தலைமுறை அழைக்கப்படலாயிற்று. பெற்றோரின் கையைப் பிடித்து வந்த குழந்தைகள் அங்கேயே படித்து, உழைத்து, வரி செலுத்தி முதியவராயினர். பல பத்தாண்டுகள் கழித்து, அவர்கள் சட்டப்படி அங்கே வாழ்ந்ததற்கு ஆண்டுதோறும் சான்று காட்ட வேண்டும் என்று கேட்கப்பட்டது. காட்ட இயலாதவர்கள் வேலை இழந்தனர், மருத்துவம் மறுக்கப்பட்டனர், நாட்டைவிட்டே அனுப்பப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் வந்திறங்கிய நாளைக் காட்டக்கூடிய பழைய வருகைச் சீட்டுகளை 2010ஆம் ஆண்டில் அழித்தது அந்த உள்துறை அமைச்சகமேதான். 2018 ஏப்ரலில் உண்மை வெளியானபோது பிரதமர் மன்னிப்புக் கோரினார். உள்துறை அமைச்சர் பதவி விலகினார்.

அங்கே கேட்கப்பட்டதும் ‘நீர் யார்?’ என்னும் அதே வினாதான். ஆனால் அதன் முகம் மாறிவிட்டது. அங்கில்லாத ஒருவரைக் காப்பதற்காக அது கேட்கப்படவில்லை. எதிரில் நின்றவரை வெளியேற்றவே கேட்கப்பட்டது. தன்னிடம் இருந்த ஏட்டைத் தானே அழித்துவிட்டு, ஏடு எங்கே என்று ஏழையிடம் கேட்டது. இதிலிருந்து ஒரு நெறியை வகுத்துக்கொள்ளலாம்: சான்று யார் கையில் இருக்கிறதோ, மெய்ப்பிக்கும் சுமையின் பெரும்பங்கு அவரையே சார வேண்டும். இத்தனை ஆண்டு வரி பெற்றுக்கொண்ட அரசாங்கம் தன் வரிப்பதிவேட்டைத் தானே புரட்டிப் பார்த்திருக்கலாமன்றோ?

நம் இல்லங்களை எண்ணிப் பார்த்தாலும் இச்சுமையின் கனம் புரியும். தந்தையின் பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டெழுதுவது நம் வழக்கம். குடும்பப் பெயர் கேட்கும் படிவத்தில் அதே எழுத்து விரிந்து வேறொரு பெயராகிவிடுகிறது. முஹம்மது என்னும் ஒரே பெயரை ஆங்கிலத்தில் எழுதுவோர் ஆளுக்கொரு வகையாக எழுதுகின்றனர். பள்ளிச் சான்றிதழில் ஒருவகை, குடும்ப அட்டையில் ஒருவகை, கடவுச்சீட்டில் ஒருவகை. பெண்களின் பெயரோடு சேரும் பீவியும் பேகமும் ஓர் ஆவணத்தில் இருக்கும், மற்றொன்றில் இராது. முதியோர் பலருக்குப் பிறந்த தேதி என்பது பள்ளியில் சேர்த்த நாளில் ஆசிரியர் கணித்து எழுதிய தேதியே. இவர்கள் பொய்யர் அல்லர். மனிதர் ஒருவரே, எழுதியவர் பலர். ஓரெழுத்து மாறியதற்காக உரியவரைத் திருப்பி அனுப்பும் அலுவலர் அமானிதத்தைக் காத்தவராக மாட்டார். அதை முடக்கியவரே ஆவார்.

இன்னொரு வேறுபாட்டையும் மறந்துவிடலாகாது. பொதுச் செய்தி எல்லோர்க்கும் உரியது; தனிச்செய்தி ஒருவர்க்கே உரியது. நம் நாட்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, தகவல் கோரும் குடிமகனிடம் காரணம் கேட்கக் கூடாதென்றும், தொடர்புகொள்ளத் தேவையானவை தவிர வேறு சொந்த விவரங்களைக் கேட்கக் கூடாதென்றும் கூறுகிறது. சாலைக்கு எத்தனை ரூபாய் செலவாயிற்று என்று கேட்பவரிடம் ‘நீர் யார்?’ என்று வினவுவது மிரட்டலேயன்றி வேறில்லை. ஒருவரின் மருத்துவக் குறிப்பைக் கேட்பவரிடம் அதே வினாவைக் கேளாதிருப்பதோ துரோகம். எங்கே கேட்க வேண்டும், எங்கே கேட்கலாகாது என்று பகுத்தறிவதே நிர்வாகத்தின் நேர்மை.

ஆகவே வினாவைக் கேட்கும் அலுவலர் தம் நெஞ்சைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை உண்டு. கேட்கப்படும் ஏட்டின் கனத்துக்கு ஏற்ற அளவாகவே கேட்கிறேனா? ஏட்டில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவுவதை மட்டும் கேட்கிறேனா, இதுதான் வாய்ப்பென்று புதிதாக ஓர் ஏடு எழுதத் தொடங்குகிறேனா? அடையாளத்துக்கென வாங்கிய நகலை, வேலை முடிந்ததும் அழிக்கிறேனா? தாள் இல்லாதவருக்கு வேறொரு வழியைக் காட்டுகிறேனா? செல்வரிடம் புன்னகையோடும் எளியவரிடம் புருவ நெரிப்போடும் கேட்கிறேனா?

விண்ணப்பிப்பவருக்கும் கடமை உண்டு. ‘என்னையா கேட்கிறீர்?’ என்று சீறுவதற்கு முன், இதே வாயிலில் நாளை நம் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொருவர் வந்து நிற்கக்கூடும் என்பதை அவர் எண்ண வேண்டும். அன்று நாம் அங்கே இருக்கமாட்டோம். நம் நோயும் கடனும் கண்ணீரும் எழுதப்பட்ட அந்த ஏட்டுக்கும் அந்த அந்நியருக்கும் நடுவில் நிற்கப்போவது அலுவலர் கேட்கும் அந்த ஒரு வினாதான். நமக்காக அன்று அது கேட்கப்பட வேண்டுமென்று விரும்புவோமாயின், பிறருக்காக இன்று நம்மிடம் கேட்கப்படும்போது பொறுமையோடு விடையளிப்பதே முறை. அவ்விடையைப் பெற்றபின் ஏட்டைத் தாமதமின்றித் திறந்து காட்டுவது அரசாங்கத்தின் கடன். கேட்டுவிட்டுத் திறவாத கதவு காவலாகாது. அது சிறையின் கதவு.