சொல் இழந்தவர் அறிவிழந்தவரோ?

தில்லிக் கரோல்பாகில் நாற்பதாண்டு குடியிருந்த தமிழ் முதியவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். கடைத்தெருவில் இந்தி, அலுவலகத்தில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என வாழ்ந்தவர். ஒருநாள் ‘சாவி’ என்னும் சொல் வாராமையால், கையைத் திருகிக் காட்டுகிறார். புத்தி தடுமாறிவிட்டது என வீட்டார் முடிவு கட்டுகின்றனர். வங்கித் தாளில் இனி மகன் ஒப்பமே போதும் என்னும் பேச்சும் எழுகிறது. இத்தீர்ப்பு அறமாகுமா?

மூளை நலிவால் மொழி குன்றுவதைப் பிராக் நகரத்து மருத்துவர் ஆர்னால்டு பிக் 1892-இல் எழுதினார். நினைவும் பிற அறிவும் நிலைத்திருக்க, மொழி மட்டும் ஆண்டுக்கணக்கில் தேய்ந்துவந்த அறுவரை 1982-இல் அமெரிக்க மருத்துவர் மெசுலம் விவரித்தார். இந்நோயை மூவகையாகப் பகுத்தது 2011-இல். ஒருவருக்குச் சொற்பொருள் விளங்கும். ஆயினும் இலக்கணம் சிதைந்து, நா முயன்று முயன்று தடைபடும். மற்றொருவர் சரளமாகப் பேசுவார். ஆனால் ‘ஆந்தை என்றால் என்ன?’ என நம்மையே கேட்பார். அவரிடம் பொருளே கரைந்துவிட்டது. மூன்றாமவர் பொருளறிவார், வேண்டும்போது சொல் வாராது, நீண்ட தொடரைத் திரும்பச் சொல்லவும் இயலார். இவ்வகையில் பெரும்பாலும் அல்சைமர் நோயே அடியில் இருப்பதால், வகையறிவது மருந்துக்கும் வழிகாட்டும்.

இங்கே ஒரு வேடிக்கை. வேதனை எனினும் தகும். திக்கிப் பேசும் முதலாமவரை அறிவிலி என ஒதுக்குகிறோம். அவரோ பத்திரத்தைப் படித்துக் காட்டினால் விளங்கிக்கொள்ளக் கூடியவர். சரளமாகப் பேசும் இரண்டாமவரிடம் ஐயமின்றி ஒப்பம் வாங்குகிறோம். ‘அடமானம்’ என்னும் சொல் அவருக்கு வெற்றோசையாக இருக்கலாம். ஒருவரின் உரிமையைப் பறிக்கிறோம். மற்றவரை ஏமாற்றத்திற்கு ஆளாக்குகிறோம். நோய் முற்ற முற்றப் பிற ஆற்றல்களும் குன்றும் என்பது மெய்யே. அதற்கு முன்னரே குன்றியதாகக் கருதுவது நம் அவசரம்.

சோதனை எம்மொழியில் என்பது அடுத்த சிக்கல். பழகிய அளவே அறிந்த இந்தியில் தமிழரைச் சோதித்தால், இந்திக் குறை நோய்க்குறையாகக் கணக்காகிவிடும். புது தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், இத்தகைய சோதனைத் தொகுதியை முதற்கண் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் வகுத்தது. அவ்வைந்தில் தமிழ் இல்லை. வேற்றுமை உருபு, வினைவிகுதி இவற்றில் ஒருவர் எங்கே தவறுகிறார் என்பதை மொழிபெயர்த்த வினாத்தாள் காட்டாது. ஆகவே வீட்டில் அவருடன் தமிழ் பேசுவோர் மருத்துவர்முன் உடனிருத்தல் வேண்டும். முன்பு எப்படிப் பேசினார், எச்சொல் முதலில் நழுவியது எனக் குறித்துச் செல்லுதலும் வேண்டும்.

கையைத் திருகிக் காட்டிய முதியவருக்கு எந்தப் பூட்டு, எந்தச் சாவி என்பது தெரியும். வங்கித் தாளைப் பற்றி அவரை இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.